தூரப் பார்வை

கண் மருத்துவமனையில் இரண்டு வகை லேசர் சிகிச்சை இருந்தது. ஒன்றில் அருகிலிருப்பவர் முகம் துலங்கும். மற்றதில் நிலா வரைக்கும் தெரியும்; பக்கத்தில் இருப்பதெல்லாம் பனிமூட்டமாகிவிடும். மங்கையர்க்கரசி தயங்கினாள். மகள் வேலைக்காக நிலாவுக்குப் போய் வருஷக்கணக்காகிறது.

“என் மூஞ்சியைத்தான் இத்தனை வருஷமா பாத்துட்டியே, தூரத்தையே எடுத்துக்க” என்றார் கணவர்.

கட்டுப் பிரித்த அன்று மாலை, மொட்டைமாடிக்கு மேலே பிறை மிதந்து வந்தது. அதன் இருண்ட பகுதியில், மகள் சொல்லியிருந்தபடியே ஒரு விளக்கு மெல்ல அசைந்தது.

“தெரியுதுங்க! நம்ம பொண்ணு விளக்கை ஆட்டுறா!”

“இளைச்சுப் போயிட்டாளா?”

அவளுக்குத் தெரிந்தது வெறும் வெளிச்சப் புள்ளிதான். பனியாய்க் கலைந்திருந்த அவர் முகத்தைக் கையால் தேடித் தடவினாள், கன்னம் ஈரமாயிருந்தது.

“இல்லைங்க, நல்லாத்தான் இருக்கா” என்றாள்.