கூளம்

ஒரு கோழிக்கு ஒரே ஒரு குஞ்சு இருந்தது. அதற்குக் கோழி வைத்த பேர் கூளம். பக்கத்து வாத்து தன் மகளுக்குப் பவளமல்லி என்று பேர் வைத்திருந்தது. அந்தப் பவளமல்லி தினமும், "ஏய் கூளம், ஓரமா நில்லு. உன்னையும் சேர்த்துக் கூட்டித் தள்ளிடப் போறாங்க" என்று சீண்டும்.

குஞ்சுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உனக்கு வேற பேரே கிடைக்கலையாம்மா? இனிமே அப்படிக் கூப்பிட்டா நான் திரும்பவே மாட்டேன்."

கோழி வானத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, குஞ்சை இறக்கைக்குள் இழுத்துக்கொண்டது. "உனக்கு முன்னாடி மூணு பேர் இருந்தாங்கடி. முத்தரசி, தங்கமணி, செல்வராணி. ஊருக்கே கேட்கிற மாதிரி ஆசை ஆசையாக் கூப்பிட்டேன். மூணு பேரையும் பருந்து தூக்கிட்டுப் போயிடுச்சு. கூளம்னு கேட்டா அதுக்கும் வேண்டாம்னு தோணும்ல?"

பேரைக் கேட்டு எந்தப் பருந்தும் திரும்பிப் போகாது என்று குஞ்சுக்குத் தெரியும். ஆனால் அம்மாவின் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அதனால் குஞ்சு அதைச் சொல்லவில்லை.

மறுநாள் மேலே பருந்து வட்டமிட்டது. குஞ்சு ஓடிவந்து அம்மாவின் இறக்கைக்குள் புகுந்தது. உடனே தலையை மட்டும் வெளியே நீட்டி, "நான் கூளம், வெறும் கூளம்" என்று தொண்டை கிழியக் கத்தியது.

அம்மாவின் நடுக்கம் கொஞ்சம் குறைந்தது.