ஃபிரிட்ஜில் ஒரு புஷ்

“இது இறங்காது மொதலாளி. ஐஸ்ல வச்சாத்தான் உண்டு.”

தெருவோரம் நிறுத்திய காரில் கழற்றிய சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மெக்கானிக் சாதிக் அலி, மோதிரம்போல் இருந்த பித்தளைப் புஷ்ஷைத் தூக்கிக் காட்டினார்.

வயிரவன் செட்டியார் எரிந்து விழுந்தார். “ஐஸ்ல வைக்க அது என்ன மீனாய்யா?”

“குளுந்தா துளி சுருங்கும். அப்பத் தட்டுனா உள்ள இறங்கிரும். பெறகு விரிஞ்சு கெட்டியாப் பிடிச்சுக்கிரும். நேமத்தான்பட்டியில ஃபிரிட்ஜ் இருக்கறது இந்தா, எதுத்தாப்புல ஆச்சி வீட்டுலதான்.”

எதிர்வீட்டு வாசலில் நாகம்மை நின்றிருந்தாள். வயிரவனின் கூடப்பிறந்த தங்கை. என்றோ அவள் வீட்டு விருந்தில் முதல் பந்திக்குத் தன்னை அழைக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு எழுந்து போன மனிதர், அதன் பிறகு அங்கே எட்டிப் பார்க்கவே இல்லை. அடுத்த வாரம் அவள் மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் வருவாரா, மாட்டாரா? அந்தக் கவலையில் நாகம்மைக்குச் சோறு இறங்கவில்லை.

“அந்த வீட்டுப் படிய நான் மிதிக்க மாட்டேன்!” என்று உரக்கச் சொன்னார் வயிரவன்.

நாகம்மை வந்து புஷ்ஷை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வந்து, “வச்சுட்டேன். குளுர நேரமாகும். அதுவரைக்கும் வெயில்லயா நிப்பீக?” என்றாள்.

“காருக்காகத்தான் வர்றேன்.”

“நானும் காருக்காகத்தான் கூப்புடுறேன். வாங்கண்ணே.”

உள்ளே வெள்ளைப் பணியாரம் வந்தது. கோபக்காரர் மறுபடியும் தட்டை நீட்டினார். கல்யாணப்பெண் வள்ளியம்மை காலில் விழுந்து, “அம்மான் வரலைன்னா நான் மணவறையில உக்கார மாட்டேன்” என்றதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“வராம எங்க போகப்போறேன் ஆத்தா? மொத ஆளா வந்து நிப்பேன்.”

நாகம்மை அழுதுகொண்டே சிரித்தாள். அன்றைக்கு அந்த வீடே நிறைந்திருந்தது.

சாயங்காலம் அவள் புஷ்ஷைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். சாதிக் அலி நாலு தட்டுத் தட்டினார். இறங்கிவிட்டது. அவரையும் ஏற்றிக்கொண்டு கார் கிளம்பியது.

ஊர் எல்லை தாண்டியதும் வயிரவன் குரலைத் தாழ்த்தினார். “சாதிக், நல்லா இருந்த புஷ்ஷ அந்த வாசல்ல வச்சுக் கழட்டச் சொன்னது நாந்தான்னு என் தங்கச்சிக்குத் தெரியவே கூடாது.”

“ஆச்சியும் இதத்தான் சொன்னாக மொதலாளி. ஃபிரிட்ஜு கெட்டு மாசக்கணக்காச்சாம், அண்ணனுக்குத் தெரியவே கூடாதாம்!”