பின் கதவு இல்லாத வண்டி

முன் சீட்டைச் சாய்த்து, தலையைக் குனிந்து, வலது காலை உள்ளே வைத்தாயிற்று. இடது கால் வரவில்லை.

இருபது வருசம் லாரி கிளட்ச்சை மிதித்த கால். முட்டி மடங்காது.

"இன்னுங் கொஞ்சம் குனியுங்கப்பா," என்றான் மகன் தரணிதரன்.

குனிந்தார். இரண்டு கையாலும் காலைத் தூக்கி உள்ளே போட்டார். உட்கார்ந்ததும் உச்சந்தலை கூரையில் இடித்தது.

சிவப்பு வண்டி. இரண்டே கதவு. பின்னால் இருப்பவன் இறங்க வேண்டுமானால் முன்னால் இருப்பவன் மனது வைக்க வேண்டும்.

அவரை வெளியே எடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. ஷோரூம் பெண் ஒரு கையைப் பிடித்தாள். பின் சீட்டு பேருக்குத்தான், பை வைத்துக்கொள்ளலாம், ஆள் யாரும் உட்கார மாட்டார்கள் என்றாள். நல்லவிதமாகத்தான் சொன்னாள்.

தரணி தரையைப் பார்த்தான்.

வாசலில் அவருடைய கறுப்புக் கார் நின்றது. நீளமான கார். நான்கு கதவு. பின்னால் இடது பக்கம் அவர் இடம். காலை நீட்டிக்கொள்ளலாம். அதற்காகவே வாங்கியது.

அதைக் கொடுத்துவிட்டு இதை எடுக்க வேண்டும் என்கிறான் மகன். கார் அவர் பெயரில் இருந்தது. அவர் கையெழுத்து இல்லாமல் நடக்காது.

கையெழுத்துப் போடக் கூடாது என்ற எண்ணத்தோடு அவர் வரவில்லை. காலையில் சங்ககிரியில் கிளம்பும்போதே மனதுக்குள் சரி சொல்லியாயிற்று. நாற்பத்திரண்டு வயதாகிறது அவனுக்கு. இதுவரை அப்பன் வாங்கிய வண்டியிலேயே உட்கார்ந்தவன். ஒன்றாவது அவனுக்குப் பிடித்ததாக இருந்துவிட்டுப் போகட்டும். தனக்கென்ன, பஸ் இருக்கிறது.

அந்தப் பெண் காகிதங்களை மேசையில் வைத்தாள். ஆர்.டி.ஓ. ஆபீஸில் பெயர் மாறி வந்த பிறகு பழைய காரை விட்டால் போதும், அதுவரை ஓட்டிக்கொள்ளுங்கள் என்றாள். மேலே இருந்தது பழைய காரைச் சோதித்து மதிப்புப் போட்ட தாள்.

அவருக்கு எழுத்து வராது. எண் வரும்.

பிறகு சொந்தமாக லாரிகள் வைத்திருந்த காலத்துப் பழக்கம். டிரைவர் இறங்கினால் முகத்தைப் பார்க்க மாட்டார், மீட்டரைப் பார்ப்பார். ஓடிய கிலோமீட்டரை மனதில் போட்டுக்கொள்வார். வண்டி எங்கே போய்வந்தது என்று எண் சொல்லிவிடும். எவன் வாய்ச்சொல்லும் தேவையில்லை.

சொந்தக் காரையும் தினம் சாயங்காலம் பார்ப்பார். இன்று கிளம்பும்போது பார்த்தார். இங்கே இறங்கியபோதும் பார்த்தார். சங்ககிரியிலிருந்து இந்தக் கோயம்புத்தூர் ஷோரூமுக்கு நூற்றியொன்பது.

தாளில் இருந்தது இன்றைய எண் இல்லை.

48,215.

அவருக்கு 48,106 நினைவிருந்தது. கண் ஆபரேஷனுக்கு முந்தின சாயங்காலம் பார்த்தது. மறுநாள் பார்க்க முடியவில்லை. கண்ணில் கட்டு. கட்டு அவிழ்த்து மறுபடி பார்க்கத் தொடங்கியபோது இடையில் ஓடியதன் கணக்கு விட்டுப்போயிருந்தது.

கழித்தார்.

நூற்றியொன்பது.

மேலே தேதி இருந்தது. அதுவும் எண்தான். ஆபரேஷன் நாள்.

அன்று காரைச் சேலத்தில் சர்வீஸுக்கு விட்டிருப்பதாகத் தரணி சொன்னான். அவர் ஆபரேஷன் முடிந்து ஈரோட்டிலிருந்து தனியாகப் பஸ்ஸில் திரும்பினார். ஒரு கண்ணில் கட்டு. இன்னொன்றில் ஏற்கெனவே புகை. படி தெரியாமல் தடுக்கினார். கண்டக்டர் கையைப் பிடித்து ஏற்றிவிட்டு, வீட்டில் யாரும் இல்லையா பெருசு என்று கேட்டான்.

"ஏன் இல்லாம? வண்டி சர்வீஸுக்குப் போயிருக்குது. இல்லீன்னா எம் பையன் வராம இருப்பானா?"

பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

எத்தனை டிரைவர்களை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். நாலு கிலோமீட்டர் கூட இருந்ததற்காக.

தரணி குனிந்து, கையெழுத்துக்காகப் பென்சிலில் பெருக்கல் குறி போட்ட இடங்களைக் காட்டினான்.

அவர் தாளைக் கவிழ்த்து வைத்தார்.

"ஏன் தம்பி, அன்னைக்குச் சேலத்துல சர்வீஸ் நல்லாப் பண்ணிக் குடுத்தானா?"

"என்னைக்குங்கப்பா?"

"எனக்குக் கண்ணு ஆபரேஷன் அன்னைக்கு."

தரணி கொஞ்சம்கூட யோசிக்கவில்லை.

"நல்லாப் பண்ணாங்கப்பா. சாயந்தரம் வரைக்கும் அங்கயேதான் நின்னேன்."

அவர் பேனாவைக் கேட்டு வாங்கினார்.

இந்தக் கையெழுத்தும் அவன் கொடுத்ததுதான். நாலாவது படிக்கும்போது, அப்பன் பெருவிரலில் மை தடவிக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு வந்து, தன் நோட்டில் எழுதிக் காட்டினான். பெயர். கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி. புள்ளி இல்லாவிட்டால் அது அப்பா போட்டதே இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்றான். பேங்க்கிலும் ஆர்.டி.ஓ. ஆபீஸிலும் முப்பது வருசமாக அதுதான். ஒரே ஒரு தடவை புள்ளி விட்டுப்போனது. ஆபீஸில் காகிதத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

போட்டார்.

பெயர். கோடு.

அடுத்த தாள். பெயர். கோடு.

ஐந்து இடம். அவசரப்படாமல் போட்டார். பேனாவை மூடி வைத்தார்.

கையெழுத்து எல்லாம் பழைய காகிதத்தில் இருக்கிற மாதிரிதானே என்று அந்தப் பெண் கேட்டாள். தரணி சிவப்பு வண்டியை போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். திரும்பவில்லை.

"கரெக்டாத்தான் இருக்கும்ங்க. அப்பாவுக்குக் கையெழுத்துச் சொல்லிக் குடுத்ததே நாந்தான்."

அவர் எழுந்து வாசலுக்கு நடந்தார். கறுப்புக் காரின் பின் கதவைத் திறந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். காலை நீட்டிக்கொண்டார்.

வீடு போய்ச் சேர நூற்றியொன்பது கிலோமீட்டர்.

அவன்தான் ஓட்ட வேண்டும்.