சேவல் காத்திருக்கிறது

உதயன் குளியலறைக்குள் நின்று பெட்டை வான்கோழி மாதிரிக் கத்திக்கொண்டிருந்தான். மார்க்ஸ் டோர்மோய்ப் பகுதியில் அவர்கள் குடியிருந்த கட்டடம் முழுக்க அது கேட்டிருக்கும்.

மனைவியின் தம்பி லவன், அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்தில் இருப்பவன், இந்த வசந்தத்தில் காட்டு வான்கோழி வேட்டைக்கு வரச்சொல்லியிருந்தான். தொலைபேசியில் பாடமும் நடத்தினான்.

"அத்தான், பெட்டை மாதிரிக் கூப்பிட்டால் சேவல் தானாய்க் கிட்ட வரும். மரத்திலை முதுகை வைச்சு அசையாமல் இருக்கவேணும். சிவப்புச் சட்டை போடாதேங்கோ, சேவலின்ரை தலையெண்டு நினைச்சு ஆரும் சுட்டுப்போடுவாங்கள்."

உதயன் எல்லாம் படித்துவிட்டான். பச்சைப் புள்ளிச் சட்டையும் வாங்கிவிட்டான். விசாதான் வரவில்லை.

"சாரதா, பிள்ளையாருக்கு ஏதும் நேர்ந்து வையப்பா" என்று மனைவியிடம் கெஞ்சினான். "சின்னனா வேண்டாம். பெரிசா நேர்."

சாரதாதேவி ரூ பஜோல் தெருவிலிருக்கும் பிள்ளையார் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தாள். மூன்றாம் நாள் விசா வந்தது!

உதயன் துள்ளிக் குதித்தான். "முதல் வான்கோழியை நானே உறைப்பாக் கறி வைக்கிறன்!"

"கறியோ?" சாரதாதேவி திகைத்தாள். "விசா கிடைச்சால் நீங்கள் ஒரு வருசம் மச்சம் மாமிசம் தொடமாட்டியள் எண்டெல்லோ நேர்ந்தனான்."

"அப்ப தின்னமாட்டன். சுட்டுப்போட்டு லவனிட்டைக் குடுக்கிறன்."

"கோதாரி! விரதத்திலை இருக்கிறவர் உயிரைக் கொல்லுறதோ?"

உதயன் சோபாவில் சரிந்தான். "உனக்கு வேறை நேர்த்தியே கிடைக்கேல்லையே?"

"பெரிசா நேரச் சொன்னது நீங்கள்தானே? உங்களுக்கு இறைச்சியைவிடப் பெரிசா வேறை என்னப்பா இருக்கு?"