கழுவாத கரண்டி

"எவனோ ஒருத்தன் நம்ம குருமா ரகசியத்தை எதிர்க்கடைக்குக் கொடுத்துட்டான்!" என்று ஓட்டல் உரல் கத்தியது.

"மெதுவாப் பேசுடா. நம்மமேல சந்தேகப்பட்டு, உடைக்கச் சொல்லி முதலாளி ஆளைக் கூட்டியாந்துட்டார்," என்று அம்மி நடுங்கியது. "நான் அரைச்சது விழுது மட்டும்தானே!"

"நான் இடிச்சது பொடி மட்டும்தான். ரெண்டையும் அறிஞ்சவன் யாரு?"

இரண்டும் குருமா கிண்டும் கரண்டியை முறைத்தன.

கரண்டி அழுதது. "நேத்து எதிர்க்கடைக்காரன் என்னை இரவல் கேட்டான் அண்ணே. கழுவாமலே கொடுத்துட்டாங்க. நக்கிப் பார்த்தே கண்டுபிடிச்சுட்டான்."

"கொடுத்தது யாரு?"

"மோதிரம் போட்ட கை."

அந்த ஓட்டலில் மோதிரம் போட்ட கை ஒன்றுதான். அதுதான் இப்போது சம்மட்டிக்காரனுக்கு அம்மியைச் சுட்டிக் காட்டிக்கொண்டிருந்தது.

சம்மட்டி உயர்ந்தது.

உரல் அலறியது: "யோவ் முதலாளி! கொடுத்தது நீ! உண்மையைச் சொல்லி அவனை நிறுத்துய்யா!"