சொருகினால் ஓடும்

"கையை எடுங்க ஐயா, கட்டர் சுத்துது."

பரிதி பாய்ந்து சிவப்புப் பொத்தானை அமுக்கினான். மேசை மேலிருந்த, கம்ப்யூட்டர் சொல்கிறபடி செதுக்கும் குட்டி சி.என்.சி. மில்லிங் மெஷின் முனகிக்கொண்டே நின்றது. செதுக்கிய தகட்டைத் தடவிப் பார்க்கப் போன அரசப்பன், விரல்கள் ஐந்தும் இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

அவரும் மனைவி வேம்புவும் தஞ்சாவூர் ஷோரூமைத் திறக்கும்போதே வந்துவிட்டார்கள். திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் நெல் விவசாயம். மாட்டுக்கொட்டகையைப் பட்டறையாக மாற்றியிருக்கிறார்களாம். கொண்டுபோய்ச் சொருகியதும் ஓடுகிற மெஷினாக வேண்டுமாம்.

இந்த விற்பனை நடந்தே ஆகவேண்டும். இன்றும் ஒன்றுகூட நகராவிட்டால் பேராவூரணி குடோனுக்கு மூட்டை கட்டு என்று முதலாளி நெய்னா முகம்மது சொல்லிவிட்டார். தகரக் கொட்டகை, சுற்றிலும் தென்னந்தோப்பு. எல்லாவற்றையும்விடக் கொடுமை, உள்ளே போன் சிக்னல் எடுக்காது.

பரிதி இரண்டு மெஷின்களை ஓட்டிக் காட்டினான். இலேசானது மரத்தோடு சரி, வார்ப்பிரும்பு உடம்புக்காரன் அதிராமல் அலுமினியம், பித்தளை வரை செதுக்குவான், சொருகினால் ஓடும் என்றான். அரசப்பன் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வேம்புவோ கறவை மாடு பிடிக்க வந்தவர் மாதிரி சுற்றிச் சுற்றி வந்தார். பழுதானால் யார் வருவது, ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் எரிந்து விழுவீர்களா, உங்களுக்குச் சொந்த ஊர் எது என்று கேள்வி ஓயவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பரிதியின் போன் அடித்தது.

"சொல்லுங்க மேடம். கட்டர் இன்னிக்கும் கீழ இறங்கலையா? பரவால்ல, ஆஃப் பண்ணிட்டுத் திரும்பப் போடுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

நிதானமாகச் சொல்லிக்கொடுத்துவிட்டுத் திரும்பினால், வேம்பு இடுப்பில் கைவைத்து நின்றார். யார் அது என்று கேட்டார். ஆன்லைனில் இதே வார்ப்பிரும்பு மெஷினை வாங்கியவர், ஆறு மாதமாகத் தினமும் கூப்பிடுவார் என்று பரிதி வாய்தவறி உளறிவிட்டான்.

"சொருகினா ஓடும்னீங்க. அப்ப மெஷின் மட்டமா, இல்ல அந்தப் பொண்ணு மக்கா?"

கண்ணாடி அறையிலிருந்து முதலாளி எட்டிப் பார்த்தார். பழியைத் தூக்கி அந்தப் பெண் மேல் போட்டால் போதும், மெஷின் விற்றுவிடும். பேராவூரணி பஸ் கண்முன் வந்து நின்றது.

"ரெண்டும் இல்லீங்கம்மா. அவங்க கெட்டிக்காரங்க. நான்தான் சரியாச் சொல்லிக் குடுக்கலை."

வேம்பு புருஷனைப் பார்த்தார். அரசப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். அவ்வளவுதான், போச்சு.

"தம்பி, அந்த மெஷின் எங்க கொட்டகையிலதான் இருக்கு. வாங்கின நாள்லேர்ந்து ஒரு தடவைகூட மக்கர் பண்ணினதில்ல. காலையில நாங்க கிளம்பறப்பக்கூட ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு."

"அப்ப தினமும் போன்ல..."

"எங்க பொண்ணு செம்மொழி," என்றார் வேம்பு. "மெஷின் வீட்டுக்கு ஒண்ணு போதும். உங்க அப்பா அம்மா என்னைக்கு வீட்ல இருப்பாங்க, அதைச் சொல்லுங்க."