கண்ணுக்குள் ஒரு பொம்மை

கண் மருத்துவமனையின் நீண்ட பெஞ்சில், சொட்டுமருந்து விட்ட கண்களை மூடிக்கொண்டு ஜெகதீசன் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி தமயந்தி. "பியூப்பில் நல்லா விரியணும் சார். கிட்டத்துல இருக்கிறதெல்லாம் கொஞ்ச நேரம் மங்கலாத்தான் தெரியும்," என்று சொல்லிவிட்டு நர்ஸ் போய்விட்டார். பள்ளி மாணவனுக்கும் கண்ணின் கருவட்டத்துக்கும் ஆங்கிலத்தில் ஏன் ஒரே சொல் என்று தமயந்திக்கு மண்டையைக் குடைந்தது. போனில் தேடினாள். லத்தீன் மூலத்தில் அதற்குச் சின்னப் பெண்பொம்மை என்று பொருளாம். அடுத்தவர் கண்ணுக்குள் பார்த்தால் நாமே பொம்மையளவில் தெரிவோமே, அதனால் வந்த பெயராம். கண்பாவை! தமிழிலும் அதே பொம்மைதானே. கடலுக்கு அந்தப் பக்கம் ஒருத்தியும் இந்தப் பக்கம் ஒருத்தியும், ஒருவரையொருவர் அறியாமலே, மூச்சுப் படுகிற தூரத்தில் யாரையோ அப்படிப் பார்த்திருக்கிறார்கள். தான் கடைசியாக எப்போது பார்த்தோம் என்று யோசித்தாள். தனித்தனி அறையில் படுக்க ஆரம்பித்த பிறகு நிச்சயமாக இல்லை.

"ஏங்க, கண்ணைக் கொஞ்சம் திறங்க."

"மூடிட்டு இருக்கச் சொன்னாங்களே?"

"ஒரு நிமிஷம்தான்."

திறந்தார். அவள் எழுந்து அவர் முகத்தின் முன் குனிந்தாள். விரிந்திருந்த கருவட்டத்துக்குள் பொம்மை இருந்தது. அவளுடைய மூக்குக்கண்ணாடியையே போட்டுக்கொண்டு, அவளைவிட ஆவலாக எட்டிப் பார்த்தது.

"என்ன தெரியுது?" என்றார்.

"நான்தான். உங்களுக்கு?"

அவர் இமைத்து இமைத்துப் பார்த்தார். "ஒண்ணும் தெரியல. இன்னும் கொஞ்சம் கிட்ட வா."

கிட்ட வந்தால் இன்னும் மங்கும் என்று சொல்ல வாயெடுத்தவள், சொல்லாமல் கிட்டப் போனாள்.